அடிக்கடி நின்றுபோகும் கம்ப்யூட்டர்: பார்மெட் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று நின்றுபோனால், பெரும்பாலும் முதலில் நடப்பது பார்மெட்தான், அதாவது டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. சிபியுவை பைக்கில் வைத்துக்கொண்டு பாலக்கோட்டிலிருந்தோ காவேரிப்பட்டினத்திலிருந்தோ டவுனுக்குப் போவார்கள். "வைரஸா இருக்கும், விண்டோஸ் புதுசா போட்டுடலாம்" என்று பதில் வரும். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்த சிஸ்டம் அன்று சாயங்காலமே மறுபடி நிற்கும். கொடுத்த பணமாவது பரவாயில்லை. டெஸ்க்டாப்பில் வைத்திருந்த கல்யாண போட்டோக்களும் மாங்காய் மண்டிக் கணக்கும் போனால் போனதுதான்.

ராம் (தற்காலிக நினைவகம்), எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டி), ஹார்ட் டிஸ்க், போர்டு (எல்லாவற்றையும் இணைக்கும் பலகை) இவற்றில் ஏதோ ஒன்று பழுதாகியிருந்தால் விண்டோஸை எத்தனை தடவை மாற்றினாலும் பலன் இல்லை. ராம் கெட்டிருக்கும்போது புது விண்டோஸ் ஏற்றினால், ஏறும் பைல்களே பிழையோடு ஏற வாய்ப்பு உண்டு. அப்புறம் எது பழைய கோளாறு, எது புதுக் கோளாறு என்று பிரித்தே பார்க்க முடியாது. எனவே எதையும் மாற்றுவதற்கு முன்னால், கோளாறு விண்டோஸிலா பொருளிலா என்பதை உறுதி செய்ய வேண்டும். ஒரு பென் டிரைவில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச மென்பொருளான உபுண்டு லினக்ஸைப் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டிப் பாருங்கள். யூடியூப் ஓடட்டும், இரண்டு மூன்று மணி நேரம் போகட்டும். அங்கேயும் நின்றால் விண்டோஸ் மேல் பழி இல்லை. ஆனால் அங்கே நிற்காமல் ஓடியது என்பதற்காகப் பொருள் எல்லாம் சரி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பென் டிரைவில் ஓடும்போது வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு வேலையே இருக்காது.

இந்தச் சோதனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: முக்கியமான பைல்களை வெளியே எடுத்து வைப்பது. "முதல்ல ரிப்பேர் ஆகட்டும், அப்புறம் காப்பி பண்ணிக்கலாம்" என்பது ரொம்பப் பெரிய தவறு. டிஸ்க் சாகும் நிலையில் இருந்தால் அது ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்துதான். அந்த நிலையில் விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக் டிஸ்க் போடுவது அதைவிட மோசம். பழுதான இடங்களை அது திரும்பத் திரும்பப் படிக்கும். பலவீனமான டிஸ்க் அந்தச் சுமையிலேயே முழுசாகப் போய்விடலாம். முதலில் காப்பி, அதன் பிறகுதான் சோதனை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டு, மாற்றப்பட்ட இடங்கள்), கரன்ட் பெண்டிங் செக்டார் (படிக்கத் திணறும் இடங்கள்) என்ற இரண்டு வரிகளில் ஏதாவது ஒன்றில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலும் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். ஆனால் சிஆர்சி எரர் என்ற வரி மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும், டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் கெட்டிருக்கும். குறைந்த விலையில் முடிகிற வேலை அது. அதைப் பார்க்காமல் டிஸ்க்கையே தூக்கிப் போடுபவர்கள் உண்டு.

சிஸ்டம் எப்படி நின்றது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. "ஆஃப் ஆயிடுதுண்ணா" என்பார்கள். ஆஃப் ஆவதிலேயே பல வகை இருக்கிறது. சுவிட்சைப் போட்டு அணைத்த மாதிரி பட்டென்று இருண்டால் எஸ்எம்பிஎஸ், சூடு, வீட்டுக் கரண்ட் என்று இந்த வரிசையில் சந்தேகப்படலாம். படம் அப்படியே உறைந்து, டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தால் டிஸ்க் பக்கம் பாருங்கள். நீலத் திரை வந்து, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழைப் பெயர் காட்டினால் முதல் சந்தேகம் ராம் மேல். எப்போதும் ஒரே டிரைவர் (பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) பைலின் பெயர் வந்தால் அது மென்பொருள் கோளாறாகவே இருக்கலாம். கேம் ஆடும்போது மட்டும் நின்றால் கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், சூடு மூன்றையும் பார்க்க வேண்டும்.

நீலத் திரை வந்ததும் விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடுவதால் பலர் அந்தத் திரையைப் பார்த்ததே இல்லை. சிஸ்டம் பிராப்பர்ட்டிஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், ஸ்டார்ட்டப் அண்டு ரெக்கவரியில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக்கை எடுத்துவிடுங்கள். திரை அப்படியே நிற்கும், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் நடந்ததைப் பதிவு செய்யும் ஈவன்ட் வியூவரில் 'கர்னல் பவர் 41' என்று சிவப்பில் இருப்பதைப் பார்த்துவிட்டு "பவர்னு போட்டிருக்கு, எஸ்எம்பிஎஸ் போச்சு" என்று முடிவு செய்வதும் அடிக்கடி நடக்கிறது. கம்ப்யூட்டர் முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்பது மட்டும்தான் அந்த 41-க்கு அர்த்தம். காரணம் என்ன என்று அது சொல்வதில்லை. நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41தான் பதிவாகும்.

ராம் விஷயத்தில் நடக்கும் தவறுகள் தனி ரகம். கழற்றி, தங்க நிறப் பற்களை அழிரப்பரால் லேசாகத் தேய்த்து மாட்டுவது நல்ல பழக்கம்தான், பல தடவை அதிலேயே சரியாகிவிடும். ஆனால் பிளக்கைப் பிடுங்காமல் கழற்றக் கூடாது. ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, உப்புத்தாள் பக்கமே போகக் கூடாது. தேய்த்த ரப்பர் துகள் ஸ்லாட்டில் விழாமல் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். மாட்டும்போது இரண்டு பக்கமும் 'டக்' என்று உட்கார வேண்டும். ஒரு முனை அரைகுறையாக நின்றாலே சிஸ்டம் கிளம்பாது, சில சமயம் கிளம்பிவிட்டுப் பாதியில் நிற்கும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற மென்பொருளை பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்திவிட்டு "ராம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட முடியாது. சூடேறிய பிறகு, மூன்றாவது நான்காவது சுற்றில் பிழை காட்டும் ராம்கள் உண்டு. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், "ஒண்ணுதானே" என்று விடக் கூடாது. பிழை வந்தவுடன் கடைக்கு ஓடவும் வேண்டாம். பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பு ஆனில் இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகு ஒரே ராமை மட்டும் மாட்டி, ஒரே ஸ்லாட்டில் சோதியுங்கள். அதே ஸ்லாட்டில் அடுத்த ராம். அப்புறம் நல்ல ராமை எடுத்து அடுத்த ஸ்லாட்டில். பிழை ராமோடு சேர்ந்து நகர்ந்தால் ராம் கெட்டது, ஸ்லாட்டிலேயே தங்கினால் போர்டு அல்லது பிராசஸர் பக்கம் கோளாறு. இதைச் செய்யாமல் புது ராம் வாங்கி, கெட்ட ஸ்லாட்டில் மாட்டி, "புதுசும் டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதில் யாருக்கும் லாபமில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸையும் கரண்ட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் பக்கம் பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. விவசாயத்துக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் சுற்றிலும் போர் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். வீட்டில் விளக்கு ஒரு நொடி மங்கும். அந்த நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனால் கம்ப்யூட்டர் மேல் தவறு இல்லாமலே இருக்கலாம். பலவீனமான எஸ்எம்பிஎஸ் அந்தச் சரிவைத் தாங்காது. நல்ல எஸ்எம்பிஎஸ்கூட கரண்ட் முழுசாகப் போனால் முழுச் சுமையில் ஏறத்தாழ ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது. எந்த நேரத்தில் நிற்கிறது, அப்போது விளக்கு மங்கியதா என்று ஒரு வாரம் குறித்து வைத்தால் இது தெரிந்துவிடும்.

இதற்கு ஸ்டெபிலைசர் வாங்கி வைப்பார்கள். ரிலே வைத்த சாதாரண ஸ்டெபிலைசர் டக் டக்கென்று மாறும்போதே ஒரு கண இடைவெளி வரும், கரண்ட் போனால் அதுவும் போய்விடும். தேவை யுபிஎஸ். அதிலும் ஒரு தவறு நடக்கிறது: மூன்று நான்கு வருடப் பழைய யுபிஎஸ்ஸின் பேட்டரி செத்திருக்கும், பச்சை விளக்கு மட்டும் எரியும். கரண்ட் போகும்போது சிஸ்டமும் போகும், பழி கம்ப்யூட்டர் மேல் விழும். ஒரு டேபிள் பேனை யுபிஎஸ்ஸில் மாட்டி பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதன் பின்பக்கம் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதைப் போட வேண்டும். சாதாரண மோடில் மாறுவதற்கு ஆகும் நேரத்தைக் கம்ப்யூட்டர் தாங்காது.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று கடிக்கிறதா? அதைப் பழகிக்கொள்ளாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பில்டர் கெப்பாசிட்டர்களின் சிறு கசிவு எர்த் வழியாகப் போயாக வேண்டும். எர்த் இல்லாதபோது கேபினெட்டிலேயே ஏறத்தாழ 115 வோல்ட் நிற்கும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் சொருகுவதாலும், ஜங்ஷன் பாக்ஸில் எர்த் வயர் இல்லாததாலும் இது வருகிறது. பாறை நிலமான நம் ஊர்களில் கோடை வந்தால் எர்த் குழி காய்ந்துபோய், வயர் சரியாக இருந்தும் எர்த் வேலை செய்யாமல் போவது உண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். குழியில் தண்ணீர் ஊற்றினாலே நிலைமை மாறுகிற வீடுகள் இருக்கின்றன. இது சிஸ்டத்துக்காக மட்டும் இல்லை, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க பச்சை வயரையும் கருப்பு வயரையும் கம்பியால் இணைத்து, பேன் சுற்றினால் "நல்லா இருக்கு" என்பார்கள். கிளம்புகிறது என்பதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் காட்டாது. சுமையோடு ஓடும்போது மஞ்சள் வயரில் 11.4-லிருந்து 12.6 வோல்ட்டுக்குள்ளும், சிவப்பு வயரில் 4.75-லிருந்து 5.25-க்குள்ளும் இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் அது சரியாகக் காட்டினாலும் சில பழுதுகள் தெரியாது, எனவே நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே உறுதியான வழி. கேபினெட்டோடு சும்மா வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று எழுதியிருப்பதை நம்பி கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்ட வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

தூசியைப் பற்றி கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிரானைட் பட்டறைப் பக்கம், நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கும் வீடுகளில் ஒரே வருடத்தில், பிராசஸரின் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்க் முழுக்க வெள்ளைப் பொடி அடைத்துக்கொள்ளும். ப்ளோயரால் ஊதும்போது பேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். ஹீட் சிங்க்கைக் கழற்றினால், அதற்கும் பிராசஸருக்கும் நடுவில் இருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவாமல் திரும்ப மாட்டக் கூடாது. சூடு என்று கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டை நிரந்தரமாகத் திறந்து வைப்பவர்கள் பல்லிக்கும் எறும்புக்கும் வீடு கட்டித் தருகிறார்கள். பல்லி போர்டில் விழுந்து செத்து ஷார்ட் ஆன சிஸ்டங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் திறந்து, டேபிள் பேனை எதிரே வைத்து, அப்போது நிற்காமல் ஓடுகிறதா என்று பார்ப்பது வேறு. அது நல்ல சோதனை.

எல்லாவற்றையும்விட நான் வருத்தப்படுவது ஒரே நாளில் நாலைந்து பொருளை மாற்றுவதைப் பார்த்துத்தான். ராமும் எஸ்எம்பிஎஸ்ஸும் பேஸ்ட்டும் ஒன்றாக மாற்றி, சிஸ்டம் சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது. நல்ல ராம் குப்பைக்குப் போயிருக்கும். சரியாகாவிட்டால் இன்னும் சிக்கல், புதிதாக வந்தவற்றில் ஒன்று கெட்டதா என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். ஒன்றை மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், எழுதி வையுங்கள், பிறகு அடுத்தது. ஓட்டிப் பார்க்கும் நேரமும் முக்கியம். இரண்டு நாளுக்கு ஒரு தடவை நிற்கிற சிஸ்டத்தை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு "ஓகே" என்று சொல்ல முடியாது. ஒரு வாரமாவது விட வேண்டும்.

கடையில் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், எப்போது, எப்படி நிற்கிறது, என்னென்ன சோதித்தாயிற்று என்று ஒரு தாளில் எழுதி கேபினெட் மேல் ஒட்டுங்கள். நல்ல மெக்கானிக்குக் கோபம் வராது, அவருக்கு ஒரு நாள் வேலை மிச்சம். "என்னைக் கேக்காம பார்மெட் போடாதீங்க" என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கோளாறு டிஸ்க்கில் இல்லை என்று தெரிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ராம், கிராபிக்ஸ் கார்டு இவற்றின் சீரியல் நம்பரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கேளுங்கள். ராமுக்குப் பல கம்பெனிகள் நீண்ட வருட வாரண்டி தருகின்றன, பில்லும் ஸ்டிக்கரும் இருந்தால் கெட்ட ராமுக்குப் பதில் காசில்லாமலே புதிது கிடைக்கலாம். போர்டே போய்விட்டது, சிஸ்டமும் பத்து வருடம் பழையது என்றால் மட்டும், ஓசூர் தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை அலைந்து பழைய போர்டு தேடாதீர்கள். அந்தக் காலத்து சிஸ்டங்கள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்காது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அந்தப் பணத்தை அடுத்த சிஸ்டத்துக்கு வையுங்கள், டிஸ்க்கை மட்டும் கழற்றி வெளியிலிருந்து சொருகிப் படிக்க உதவும் யுஎஸ்பி கேஸில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.