விமானத்தில் கேட்கும் ஒலிகளுக்கு என்ன பொருள்?

விமானப் பயணத்தில் அச்சம் கொள்பவர்களை மிகவும் கலங்கவைப்பது, மேலெழும்பிய சிறிது நேரத்தில் எஞ்சின் இரைச்சல் சட்டென்று தணிவதுதான். எஞ்சின் நின்றுவிட்டதோ என்று தோன்றினாலும், ஓடுபாதையை விட்டு எழும்பத் தேவைப்பட்ட கூடுதல் உந்துவிசை இனித் தேவையில்லை என்பதால், பெரும்பாலும் 1,000 முதல் 1,500 அடி உயரத்திலேயே விமானிகள் அதைக் குறைத்துவிடுகிறார்கள். அப்போது உடல் சற்றே கீழிறங்குவது போன்ற உணர்வும் சேர்ந்துகொள்வதால்தான் அச்சம் கூடுகிறது. அதற்குச் சற்று முன் காலடியில் கேட்கும் ‘தடக்’ என்ற ஓசை, சக்கரங்கள் உள்ளே மடங்கி அவற்றின் கதவுகள் மூடிக்கொள்வதால் எழுவது.

ஏர்பஸ் ஏ320 வகை விமானங்களில், புறப்படும் முன்போ தரையிறங்கிய பின்போ, நாய் குரைப்பதைப் போன்ற ஒலி தளத்துக்கு அடியிலிருந்து விட்டுவிட்டுக் கேட்கும். ஓர் எஞ்சின் மட்டும் இயங்கும் வேளையில், ஒரு ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் பாகங்களை இயக்கும்) அமைப்பின் அழுத்தத்தைக் கொண்டு மற்றொன்றுக்கு அழுத்தமூட்டும் கருவியின் ஒலியே அது. புதிதாகப் பயணம் செய்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இறக்கையருகே இருக்கை கிடைத்தால், மோட்டார் ரீங்கரிக்கும்போதே இறக்கையின் பின்விளிம்பு மடல்கள் நீள்வதையும் காணலாம். தரைதொட்டதும் எழும் பேரிரைச்சல், வேகத்தைத் தணிப்பதற்காக எஞ்சினின் காற்றோட்டத்தை முன்னோக்கித் திருப்புவதால் வருவது. இடையிடையே கேட்கும் மணியோசை, பெரும்பாலும் இருக்கைப் பட்டை விளக்குக்கோ பணியாளர் அழைப்புக்கோ உரியது.