ஆர்சிஸ்லாக் மேம்பாட்டுப் பதிப்பை முதன்முறை நிறுவிப் பார்ப்பது எப்படி?

சென்ற மாரியில் ஓரிரவு, உப்புவெளியில் நான் பராமரிக்கும் சிறிய கணினிக்கூடத்தில் மின்சாரம் பலமுறை போய்ப் போய் வந்தது. காலையில் ஒரு கணினி எழும்பவில்லை. காரணம் தேடி, எல்லாக் கணினிகளின் பதிவுகளும் வந்துசேரும் மையக் கணினியின் பதிவுக் கோப்பைத் திறந்தால், எனக்கு வேண்டிய அந்த நாற்பது நிமிடம் மட்டும் அதில் இல்லை. பதிவுகளை யூடிபி என்ற, போய்ச்சேர்ந்ததா என்று பார்க்காத நெறிமுறை வழியாக அனுப்பும்படி அமைத்தது என் தவறு. பெறுகின்ற கணினி அணைந்திருந்தாலும் யூடிபி அதை அறியாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஆர்சிஸ்லாக் என்பது ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் 2004இல் தொடங்கிய, கணினிப் பதிவுகளைச் சேகரித்து அனுப்பும் திறந்தமூல மென்பொருள். முன்பு 7.3 போல நடுவில் ஒற்றைப்படை எண் வந்தால் அது மேம்பாட்டுப் பதிப்பு, 7.4 போல இரட்டைப்படை எண் வந்தால் நிலையான பதிப்பு என்று பிரித்தறிந்தோம். 2019 முதல் எண்ணிலேயே ஆண்டும் மாதமும் வருகின்றன, 8.1901 என்றால் 2019 சனவரி.

மேம்பாட்டுப் பதிப்பை, பழுதானாலும் கவலையில்லாத ஓர் உபுண்டுக் கணினியில் மட்டும் நிறுவுங்கள். முதலில் முனையத்தில் ஆர்சிஸ்லாக்டி என எழுதி, இடைவெளி விட்டு, சிறுகோடும் சின்ன வி எழுத்தும் இட்டு, இப்போதுள்ள பதிப்பெண்ணைக் குறித்துவையுங்கள். அடுத்து, ஈடிசி அடைவிலுள்ள ஆர்சிஸ்லாக் அமைப்புக் கோப்பையும் அதே பெயரில் டி என முடியும் அடைவையும் வேறிடத்தில் படியெடுங்கள். அதன் பிறகே, கெர்ஹார்ட்ஸின் நிறுவனமான அடிஸ்கன் மேம்பாட்டுப் பதிப்புக்காக வைத்திருக்கும் பிபிஏ என்ற உபுண்டு மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்து, ஆப்ட் என்ற நிறுவல் கருவி மூலம் நிறுவுங்கள்.

நிறுவியதும் சேவையை மறுதொடக்கம் செய்ய அவசரப்படாதீர்கள். அதே கட்டளையில் வி எழுத்துக்குப் பதிலாகப் பெரிய என் எழுத்தையும் 1 என்ற எண்ணையும் சேர்த்து இட்டால், அமைப்புக் கோப்பில் பிழை இருக்கும் வரியின் எண்ணையே அது காட்டிவிடும். தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் படி இதுதான். ஆனால் ஒரு மேற்கோள் குறி விடுபட்டாலும் பதிவுகள் நின்றுபோகலாம்.

இனி, அனுப்ப முடியாத பதிவுகள் காத்திருக்கும் வரிசையின் அமைப்புக்கு வருவோம். பதிவுகளை அனுப்பும் ஆக்‌ஷன் பகுதியில் நெறிமுறையை, இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு அனுப்பும் டிசிபி என மாற்றுங்கள். வரிசையின் வகைக்கு லிங்க்ட்லிஸ்ட் என்றும், வரிசைக் கோப்புக்கு ஒரு பெயரும், மறுமுயற்சி எண்ணிக்கைக்கு -1 என்றும் கொடுங்கள். கோப்புப் பெயர் கொடுத்தால்தான் நினைவகம் நிரம்பும்போது செய்திகள் வட்டுக்குப் போகும். -1 என்றால் இணைப்புத் திரும்பும்வரை முயற்சியைக் கைவிடாது. அணைக்கும்போதும் வரிசையைச் சேமிக்கும் தெரிவை மறவாமல் இயக்குங்கள். மையக் கணினியிலும் டிசிபி வழியே பெறும் ஐஎம்டிசிபி கூறு இயங்க வேண்டும்.

சேவையை மறுதொடக்கம் செய்தபின், மையக் கணினியின் ஆர்சிஸ்லாக்கை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, பதிவில் செய்தி எழுதும் லாகர் கட்டளையால் ‘மழை 1’ முதல் ‘மழை 5’ வரை ஐந்து செய்திகளை அனுப்புங்கள். வட்டில் கோப்பு எதுவும் தோன்றாவிட்டால் பதற வேண்டாம். ஐந்து செய்திகள் நினைவகத்திலேயே அடங்கிவிடும். மையத்தை மீண்டும் இயக்கிச் சற்றுப் பொறுத்தால், மறுமுயற்சி இடைவெளி இயல்பாக 30 விநாடி என்பதால், அவை வரிசையாக வந்து சேரும். ‘மழை 1’ மட்டும் வராமற்போகலாம். இணைப்பு அறுகின்ற நொடியில் வழியிலிருக்கும் செய்தி வந்துசேரும் என்று வெறும் டிசிபி உறுதிதராது. அந்த ஒன்றையும் இழக்க விரும்பாதவர்கள், ஒவ்வொரு செய்தியும் கிடைத்ததைப் பெறுபவரிடம் உறுதிசெய்துகொள்ளும் ரெல்ப் நெறிமுறையைப் பயன்படுத்த வேண்டும். நான் இப்போது அதற்கு மாறிவிட்டேன்.

பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டுமானால், பிபிஏ-பர்ஜ் கருவியால் களஞ்சியத்தை நீக்கி, படியெடுத்த கோப்புகளை உரிய இடத்தில் வைத்து, குறித்துவைத்த பதிப்பெண் திரும்பியதா என்று பாருங்கள்.