பழைய எபோனைட் பேனாவை மறுபடி எழுத வைக்க

தாத்தா காலத்து மை ஊற்றும் பேனா வீட்டில் கிடந்தால், அது எபோனைட்டாக இருக்கலாம். துணியால் சூடு ஏறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் அதேதான். ரப்பரில் கந்தகத்தைக் கலந்து வேகவைத்த பொருள் அது. வெளிச்சமும் ஈரமும் சேர்ந்தால் கறுப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். ஆகவே பேனாவை முழுதாகத் தண்ணீரில் ஊறப்போடவே கூடாது.

1. கழற்றுவது

உடம்பைத் தனியே எடுத்து வையுங்கள். சின்னக் கிண்ணத்தில் நிப் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஆறிய தண்ணீர் விட்டு, நிப் செருகியிருக்கும் கழுத்தை நிமிர்த்தி நிறுத்துங்கள். காய்ந்த மை கரையக் கரையத் தண்ணீரை மாற்றுங்கள். ஸ்பிரிட் வேண்டாம்.

பிறகு சைக்கிள் டியூப் துண்டால் நிப்பையும் அதற்கு அடியிலிருந்து மை கொடுக்கும் நாக்கையும் சேர்த்துப் பிடித்து, நேராக இழுங்கள். திருகாதீர்கள். குறடு பக்கமே போகாதீர்கள், நாக்கின் வரிகள் உடைந்துவிடும். வராவிட்டால் மறுபடி ஊறட்டும். அவசரம்தான் பழைய பேனாக்களைக் கொல்கிறது.

2. பாகம் தேடுவது

நிப்பில் போட்டிருக்கும் எண்ணை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். ஒரு கம்பெனியின் 6 இன்னொரு கம்பெனிக்குப் பொருந்தாது. வெர்னியர் அளவுகோல் வைத்து நாக்கின் விட்டத்தையும் நிப்பின் நீளத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கழுத்தையே கையோடு கொண்டுபோங்கள். சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ என்ற பேனாக்கடை நெடுங்காலமாக இருக்கிறது. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்றும் எபோனைட்டைக் கடைசல் பிடிக்கிறார்கள். நாக்கு வாங்கினால் எபோனைட் நாக்கே வாங்குங்கள். பிளாஸ்டிக் நாக்கு மலிவுதான், ஆனால் அடுத்த படி அதற்குச் சரிவராது.

3. நாக்கை நிப்போடு படியவைப்பது

புது நிப் போட்டும் எழுதவில்லை என்பவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டி வந்தவர்கள். நிப்பையும் நாக்கையும் கழுத்தில் செருகி, பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே மை அறுந்துவிடும்.

கொதித்து இறக்கிய வெந்நீரில் நிப்பும் நாக்கும் மட்டும் அரை நிமிடம் இருக்கட்டும். கழுத்தில் நீர் படக்கூடாது. எடுத்தவுடன் துணி வைத்து நாக்கின் நுனியை நிப்பை நோக்கி அழுத்தி, ஆறும்வரை விடாமல் பிடியுங்கள். சூட்டில் இளகும் எபோனைட் அந்த வளைவிலேயே இறுகிவிடும். கீற்று மறையும்வரை திரும்பச் செய்யலாம். ரொம்ப அழுத்தினால் நிப்பின் பிளவு அகன்றுவிடும், கவனம்.

4. பூட்டுவது

திருகுமரையில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். வாஸ்லின் வேண்டாம், அது ரப்பரைக் கெடுக்கும். பழுப்பேறிய உடம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பொறித்த பெயர் இருந்தால் அதுவும் சேர்ந்து அழிந்துபோகும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாகச் செய்தும் தாளில் சொட்டு விழுகிறது என்று சிலர் கேட்டார்கள். உடம்பில் மை எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். குறையக் குறைய உள்ளே காற்று கூடும். கைச்சூட்டில் அது விரிந்து மையைத் தள்ளும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்குமுன் மறுபடி நிரப்பிவிடுங்கள்.