வைப்ரஃபோனில் ஜாஸ்: கைகளுக்கு முன் பாதத்தைப் பழக்குங்கள்

வைப்ரஃபோன், உலோகப் பட்டைகளை மேலட் என்னும் உருண்டைத் தலைக் குச்சிகளால் தட்டி வாசிக்கும் வாத்தியம். அதைக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் அப்படித் தொடங்கச் சொல்லமாட்டேன். இதில் ஒரு சுரத்தை எழுப்புவது எளிது. அதை எந்த இடத்தில் அடக்குகிறீர்கள் என்பதில்தான் வாசிப்பு நிற்கிறது. பெடலை அழுத்தியபடி தட்டினால் அலுமினியப் பட்டை பல விநாடிகள் ஒலித்துக்கொண்டே இருக்கும். அடுத்தடுத்து தட்டும் சுரங்கள் அதன்மேல் குவிந்து எல்லாம் குழம்பிவிடும்.

முதலில் மோட்டாரை அணைத்துவிடுங்கள். பட்டைகளுக்குக் கீழுள்ள குழாய்களின் வாயில் மோட்டார் சுழற்றும் தட்டுகள் ஒலிக்குத் தரும் அசைவு அழகானதுதான். ஜாஸ் வைப்ரஃபோன் கலைஞர் மில்ட் ஜாக்சன் அதை மெதுவாகச் சுழலவிட்டுத் தனக்கென ஒரு குரலையே உருவாக்கிக்கொண்டார். இன்னொரு கலைஞரான கேரி பர்ட்டன் பெரும்பாலும் மோட்டார் இல்லாமலே வாசித்தார். தொடக்கத்தில் அந்த அசைவு உங்கள் குறைகளை மறைத்துவிடும். அதனால் இப்போது வேண்டாம்.

படி 1: பெடல். குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தைப் பெடல்மேல் வையுங்கள். அழுத்தினால், ஒலியை அடக்கும் ஃபெல்ட் துணிப் பட்டை விலகி ஒலி நீளும், விட்டால் அடங்கும். சி மேஜர் ஸ்கேலை (சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, சி என்ற சுர வரிசை) மிக மெதுவாக வாசியுங்கள். ஒவ்வொரு புதிய சுரத்துக்கும் சற்று முன்பாகப் பாதம் எழ வேண்டும். மேலட் பட்டையைத் தொடும்போது பெடல் மீண்டும் கீழே இருக்க வேண்டும். தாமதமாக எழுந்தால் புதிய சுரமும் சேர்ந்து செத்துவிடும். சீக்கிரம் எழுந்தால் இரண்டுக்கும் நடுவே வெற்றிடம் கேட்கும்.

தட்டும் இடத்தையும் கவனியுங்கள். பட்டையின் நடுப்பகுதி நல்ல ஒலி தரும், விளிம்பும் பரவாயில்லை. பட்டைகளைத் தாங்கும் கயிறு ஊடுருவிச் செல்லும் இடத்தில் தட்டினால் ஒலி மழுங்கிப்போகும்.

படி 2: மேலட்டால் அடக்குதல். பெடல் எல்லாச் சுரங்களையும் ஒருசேர அடக்கிவிடும். ஒன்றை மட்டும் நிறுத்த மேலட்தான் வழி. பெடலை அழுத்தியே வைத்து, இடக்கையால் சி தட்டுங்கள். வலக்கை டி தட்டும் அதே நொடியில், இடக்கை மேலட்டை சி பட்டைமேல் மென்மையாக அழுத்துங்கள். 'டக்' என்ற சத்தம் வந்தால் அழுத்தாமல் தட்டியிருக்கிறீர்கள். டியிலிருந்து ஈ, ஈயிலிருந்து எஃப் என்று நகருங்கள். பொறுமையைச் சோதிக்கும் பயிற்சி இது. ஆனாலும் தினமும் இதற்கே அதிக நேரம் கொடுங்கள். ஜாஸ் வாசிப்பில் சுரங்கள் தனித்தனியாகக் கேட்பது இதனால்தான்.

படி 3: நான்கு மேலட். கைக்கு இரண்டு. பர்ட்டன் பிடியில் காம்புகள் உள்ளங்கையில் குறுக்காகக் கிடக்கும். வெளி மேலட் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே செல்லும். இரண்டு மேலட்டால் சரளமாக வாசிக்கும்வரை இதற்கு அவசரம் இல்லை.

படி 4: முதல் கார்டுகள், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டங்கள். டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற வரிசை ஜாஸில் எங்கும் வரும். மூன்று ஆக்டேவ் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரம் நடு சி-க்குக் கீழே உள்ள எஃப்; ஆகவே இடக்கையை நடு சி-யை ஒட்டியே வைப்போம். கீழிருந்து மேலாக:

டி மைனர் 7: சி, எஃப், ஏ, ஈ
ஜி 7: பி, எஃப், ஏ, ஈ
சி மேஜர் 7: பி, ஈ, ஜி, டி

முதல் மாற்றத்தில் சி மட்டும் பி-க்கு இறங்குகிறது. பெடலை விடாமல், சி-யை மேலட்டால் அடக்கி பி-யைத் தட்டிப் பாருங்கள். மற்ற மூன்று சுரங்களும் ஒலித்துக்கொண்டிருக்க, கார்டு மட்டும் மாறியிருக்கும். படி 2-இன் பயன் இங்கே காதில் விழும்.

குழுவில் பியானோ இருந்தால், தனிவாசிப்புக்குப் பின்னணியாக யார் கார்டு வாசிப்பது என்று முன்பே பேசிவையுங்கள். இருவரும் சேர்ந்து வாசித்தால் ஒலி நெரிசலாகிவிடும். பியானோ கலைஞர் வாசிக்கும்போது மேலட்டுகளைத் தாழ்த்திக் கேளுங்கள்.