மாறிவரும் கடலில் தொழிலுக்குப் போவது எப்படி: நாட்டுப்படகு ஊர்களுக்கான வழிகாட்டி

வாடைக் காற்று எப்போது எழும், கச்சான் காற்று எப்போது ஓயும், நீவாடு என்னும் கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தால் வலையில் எந்த மீன் ஏறும் என்பதைத் தமிழகக் கடற்கரை ஊர்கள் பல தலைமுறைகளாகக் கணித்து வந்துள்ளன. அந்தக் கணிப்பில் பிழையில்லை. எந்தக் கடலைப் பார்த்து அது உருவானதோ, அந்தக் கடல்தான் மாறிக்கொண்டிருக்கிறது. கேரளக் கரையின் மீன் என்று அறியப்பட்ட மத்தி, கடந்த சில பத்தாண்டுகளாக வங்கக் கடலிலும் நிறையப் படுகிறது. அயலை மீன் முன்பைவிட ஆழத்தில் இறங்கி நிற்பதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் பதிவு செய்துள்ளனர். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 2010-லும் 2016-லும் நீரின் வெப்பம் தாங்காமல் வெளுத்தன. கட்டுமரம், வள்ளம், ஃபைபர் படகு, கரைவலை ஆகியவற்றை நம்பித் தொழில் செய்யும் ஊர்கள் இந்த மாற்றத்துக்கு ஏற்பச் செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடுகளை இங்கே எழுதுகிறேன்.

ஊருக்கு ஒரு கடற்குறிப்பேடு

எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது இதுதான். பெரியவர்களின் அறிவு வாய்மொழியாகவே இருக்கும்வரை, எது மாறியது, எவ்வளவு மாறியது என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு தடித்த நோட்டு வாங்கி, ஏலக்கூடத்திலோ ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்திலோ வைத்து, படித்த பிள்ளை ஒருவரிடம் எழுதும் பொறுப்பை ஒப்படையுங்கள். கரையேறும் படகுகளில் நான்கைந்திடம் அன்றாடம் கேட்டு எழுதினால் போதும். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "ஐப்பசி 9. அதிகாலை 3 மணிக்குப் புறப்பாடு. கொண்டல், மிதமான வேகம். நீவாடு தெற்கே. 14 பாகம் ஆழம். சாளை வலை. பாடு 2 கூடை. மண்ணெண்ணெய் 12 லிட்டர்." இதில் கொண்டல் என்பது கிழக்குக் காற்று, பாகம் என்பது ஆழத்தின் அளவு (ஏறக்குறைய ஆறு அடி), சாளை என்பது மத்தி, பாடு என்பது கிடைத்த மீன். வலை இறக்கிய இடத்தில் ஒரு வாளி நீரை மொண்டு, அதில் வெப்பமானியை இரண்டு நிமிடம் வைத்துப் பார்த்து அந்த அளவையும் சேர்த்து எழுதுங்கள்.

கரை அடையாளங்களை வைத்துக் கணியம் பார்த்து, பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளைக் கண்டுபிடிக்கும் மூத்தவர்களிடம் ஒவ்வொரு பாரின் பெயர், கரையிலுள்ள அடையாளங்கள், அங்கே முன்பு கிடைத்த மீன், இப்போது கிடைக்கும் மீன் ஆகியவற்றைக் கேட்டுத் தனிப் பக்கங்களில் குறித்து வையுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுத வேண்டும். அதைப் புத்தகத் தமிழுக்கு மாற்றினால் பாதி பொருள் போய்விடும். காற்றாலோ எச்சரிக்கையாலோ தொழிலுக்குப் போகாத நாட்களையும் விடாமல் பதிவு செய்யுங்கள். நிவாரணம் கேட்டு மனுக் கொடுக்கும்போது, மூன்று ஆண்டுகளின் கணக்கு கையில் இருக்கும் ஊரின் பேச்சுக்குக் கூடுதல் எடை இருக்கும்.

முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

2017 நவம்பர் 29 அன்று இலங்கையின் தென்கிழக்குக் கரையை ஒட்டிக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலைக்குள் ஒக்கிப் புயலாக மாறிக் கன்னியாகுமரியை ஒட்டிக் கடந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. படகுகளில் பேசப் பயன்படும் வி.எச்.எஃப். வானொலிக் கருவியின் ஒலி கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் எட்டாது என்பது அதற்கு ஒரு காரணம். ஆகவே பல நாள் தங்கல் தொழிலுக்குப் போகும் படகில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு நாள் தொழிலுக்குப் போகிறவர்கள் வி.எச்.எஃப். கருவியில் 16-ஆம் அலைவரிசையைத் திறந்து வைத்திருப்பதோடு, கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களைப் படகின் உட்புறத்தில் பெயின்ட்டால் எழுதி வைக்க வேண்டும்.

வானிலை ஆய்வு மையம் "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று சொன்னால், படகைக் கவிழ்க்கக்கூடியது அந்த இடையிடையே வரும் காற்றுதான் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். ஐதராபாத்தில் உள்ள, கடல் நிலையை முன்னறிவிக்கும் இன்காய்ஸ் என்ற அரசு நிறுவனம் காற்றோடு அலையின் உயரத்தையும் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளியையும் தருகிறது. இந்த இடைவெளியைப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலால் எழுந்த அலை, பல நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத தெளிந்த நாளில் நம் கரையில் ஏறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். அதில் அலைகளின் இடைவெளி மிக நீண்டிருக்கும். கரையில் நின்று எண்ணும்போது 15 விநாடிக்கும் மேலாக நீண்டால், அல்லது கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால், படகுகளை வழக்கமான இடத்தைவிட மேலே இழுத்து, ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அலை உடையும் இடத்தில் படகை இறக்கவும் ஏற்றவும் வேண்டாம்.

மீன் கூடும் இடங்களைப் பற்றிய இன்காய்ஸ் தகவல், கடல்மேல் வெப்பத்தையும் நீரிலுள்ள பச்சையத்தையும் செயற்கைக்கோளால் அளந்து தரப்படுவது. அது திசை, தூரம், ஆழம் ஆகியவற்றைச் சொல்லும். மேகமூட்ட நாட்களிலும் மீன்பிடித் தடைக்காலத்திலும் வராது. அதை மட்டும் நம்பி எண்ணெய் செலவழிக்காமல், உங்கள் குறிப்பேட்டோடு ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள்.

வலையும் கருவாடும்

ஒரே மீனுக்கான ஒரே வலையில் மொத்தக் கடனையும் போடுவது முன்னெப்போதையும்விட ஆபத்தானது. உறவினர்களுக்குள் இரண்டு மூன்று படகுகள் சேர்ந்து, வெவ்வேறு கண் அளவுள்ள வலைகளையும் தூண்டிலையும் பங்கிட்டு வாங்கிக்கொள்ளலாம். வெயில் கூடியிருப்பதால், ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற அளவைக் குறைக்கக் கூடாது.

கருவாடு போடும் பெண்களைப் பருவம் தவறிய மழை நேரடியாகத் தாக்குகிறது. பல திட்டங்கள் அவர்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை. இது பெரும் அநியாயம். மணலில் காயப்போடுவதற்குப் பதிலாக, இடுப்பளவு உயரத்தில் கம்பு நட்டுப் பழைய வலையை இறுக்கிக் கட்டிய பந்தல் மீது பரப்பினால், மீனின் இரு பக்கமும் காற்றுப் படும். மணல் ஒட்டாததால் விலையும் கூடும். தார்ப்பாயைப் பந்தலின் ஓரத்திலேயே சுருட்டிக் கட்டி வையுங்கள். மேகம் இறங்கியதும் இருவர் இழுத்தால் மூடிவிடலாம். பெரிய மீனுக்கு உப்பைக் கூடுதலாகவும் சிறு மீனுக்குக் குறைவாகவும் போடுங்கள்.

கரையும் காகிதமும்

ஊரைக் கடல் அரிக்கும்போது கல் கொட்டச் சொல்லிக் கேட்பது இயல்பு. ஆனால் நம் கிழக்குக் கரையில் ஆண்டுக் கணக்கில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வதால், ஓர் ஊரில் கடலுக்குள் நீட்டிப் போடும் கல், வடக்கேயுள்ள ஊரின் மணலை நிறுத்திவிடுகிறது. பக்கத்து ஊர்களோடு பேசாமல் அந்தக் கோரிக்கையை வைக்காதீர்கள். மணல்மேட்டைச் சமப்படுத்தாமல் விட்டு, அடப்பங்கொடியையும் இராவணன் மீசையையும் படரவிடுங்கள். கழிமுகம் இருக்கும் ஊர்களில் கண்டல் காட்டை, அதாவது அலையாத்திக் காட்டைக் காப்பாற்றுங்கள். 2004 ஆழிப்பேரலையின்போது பிச்சாவரத்தில் அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு.

மீனவர் நல வாரிய அட்டை, படகுப் பதிவுச் சான்று, காப்பீட்டுத் தாள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை ஒரு நெகிழி உறையில் போட்டு, கடலிலிருந்து தள்ளியிருக்கும் உறவினர் வீட்டில் ஒரு படியைக் கொடுத்து வையுங்கள். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் செலுத்தினால் அரசுகள் 3,000 ரூபாய் சேர்த்து, மீன் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் தருகின்றன. தவணை தவறியவர்களின் பெயர்களைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஆண்டுதோறும் கேட்டுச் சரிபாருங்கள். கடலில் காணாமற்போனவரின் குடும்பம், உடல் கிடைக்காத நிலையில், அவர் அன்று தொழிலுக்குப் போனார் என்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதனால் புறப்படும் ஒவ்வொரு படகிலும் யார் யார் ஏறினார்கள் என்பதை அன்றன்றே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.