ஓர்க்கிட்டையும் பைனசையும் ஒப்பிட்டு எழுதும் முறை

உயர்தர உயிரியல் ஒப்படைக்காக ஓர்க்கிட் ஒன்றையும் கூம்புத் தாவரம் ஒன்றையும் ஒப்பிட முனையும் கொழும்பு மாணவர்கள், குடும்பங்களைப் பற்றிப் பொதுவாக எழுதாமல் முதலில் இரண்டு இனங்களைத் தெரிவுசெய்ய வேண்டும். நரிவால் ஓர்க்கிட் எனப்படும் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசாவும் கூம்புத் தாவரமான கரிபியன் பைனசும் பொருத்தமானவை. முன்னது இலங்கையில் இயற்கையாக வளர்வது, வீட்டுத் தோட்டங்களிலும் காணப்படுவது. பின்னது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு மலைநாட்டிலும் சிங்கராஜ வனத்தின் ஓரத்திலும் நடப்பட்டது. நத்தார் காலத்தில் சாடியில் விற்கப்படும் அரோகேரியாவும் கூம்புத் தாவரமே எனினும், இளஞ்செடியில் கூம்பு இராது என்பதால் அது இவ்வேலைக்கு உதவாது. பண்டாரவளைப் பக்கம் போய்வரும் உறவினர் எவரேனும் கீழே விழுந்த கூம்பொன்றைக் கொண்டுவந்து தந்தால் போதும்.

பூவுக்கு எதிரே கூம்பை வைத்து அட்டவணை போடுவதே பலர் செய்யும் பிழை. ஓர்க்கிட்டின் சூலகம் முதிர்ந்து உருவாகும் காயைப் பைனசின் பெண் கூம்போடு ஒப்பிட்டு, பின்னர் வித்தாக மாறும் சூல்வித்து சூலகத்தினுள் மூடப்பட்டுள்ளதா, செதிலின் மேல் திறந்துள்ளதா என்று பாருங்கள். கூம்புச் செதிலொன்றில் இரண்டு வித்துகளின் தடம் தெரியும். ஓர்க்கிட் காயைப் பிளந்தாலோ எண்ணவியலாத தூசு போன்ற வித்துகள் கொட்டும். பைனசு மகரந்தமணி இரு காற்றுப்பைகளுடன் காற்றில் மிதந்து செல்ல, ஓர்க்கிட்டின் மகரந்தம் திரளாகப் பூச்சியின் உடலில் ஒட்டிச் செல்கிறது.

இவ்வளவு வேற்றுமைக்கிடையிலும், மகரந்தச் சேர்க்கைக்கும் கருக்கட்டலுக்கும் இடையே இரண்டிலும் நீண்ட இடைவெளி இருப்பதே எனக்கு மிகவும் சுவையான பகுதி. பைனசில் அது ஏறத்தாழ ஓர் ஆண்டு நீள்கிறது. ஓர்க்கிட்டிலோ மகரந்தம் வந்து சேர்ந்த பின்னரே சூல்வித்துகள் முழுமையாக உருவாகத் தொடங்குகின்றன. இதனை விடைத்தாளில் ஒரு வரியோடு நிறுத்திவிடாதீர்கள்.

தண்டைப் பற்றி, பைனசில் மாறிழையத்தால் துணை வளர்ச்சி, அதாவது தண்டு தடித்தல், உண்டு, ஒருவித்திலையான ஓர்க்கிட்டில் அது இல்லை என்பது போதும். வேருக்கு மட்டும் கைவில்லையை எடுங்கள்: வெண்சாம்பல் நிறமான ஓர்க்கிட் வேரில் நீர் தெளித்தால், வெலாமென் உறை நீரை உறிஞ்ச, உள்ளிருக்கும் பச்சை வெளித்தெரியும். இரண்டுமே பங்கசுகளோடு கூட்டு வாழ்பவை என்பதால், வேர்களைப் படம் வரையும்போது பைனசில் பங்கசு வேர்நுனியைச் சுற்றி உறையாகவும், ஓர்க்கிட்டில் கலங்களுக்குள் சுருள்களாகவும் அமைவதைப் பிரித்துக் காட்ட வேண்டும். சேமிப்புணவு அற்ற ஓர்க்கிட் வித்து இயற்கையில் முளைப்பதே அப்பங்கசின் உதவியால்தான்.