பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவைத் தேர்ந்தெடுப்பது எப்படி

மதுரையில் சித்திரைத் திருவிழா முடிந்த சில நாள்களிலோ வாரங்களிலோ பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிடுகிறது. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் பள்ளி அலுவலக வாசலில் விண்ணப்பத்தோடு நிற்கும் பெற்றோரிடம் எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டால், பிள்ளை நல்ல மதிப்பெண் எடுத்திருப்பதால் முதல் குரூப் கொடுங்கள் என்பார்கள். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்துவரும் எனக்கு ஆண்டுதோறும் வருத்தம் தருவது இந்தப் பதில்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு இடம் கிடைக்குமா என்பதை மட்டுமே தீர்மானிக்க முடியும். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு எந்தப் பாடத்தை அந்தப் பிள்ளை விரும்பி உட்கார்ந்து படிக்கும் என்பதை வேறு வழியில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் அமைப்பைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ், ஆங்கிலம், நான்கு முதன்மைப் பாடங்கள் என ஆறு தாள்கள்; தாளுக்கு 100 வீதம் மொத்தம் 600 மதிப்பெண்கள். அறிவியல் பிரிவுகள் அனைத்திலும் இயற்பியலும் வேதியியலும் பொதுவாக இருக்கும். ஆகவே நீங்கள் உண்மையில் முடிவு செய்வது மீதமுள்ள இரண்டு பாடங்களைப் பற்றித்தான்: கணிதமும் உயிரியலுமா, கணிதமும் கணினி அறிவியலுமா, அல்லது கணிதம் இல்லாமல் தாவரவியலும் விலங்கியலுமா என்பதே கேள்வி.

இதில் கணிதத்தைப் பற்றிய முடிவை முதலில் எடுக்க வேண்டும், ஏனெனில் அதை விட்டுவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கான 200 மதிப்பெண் கட்-ஆப்பில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கணக்கிடுகிறார்கள். அதாவது பாதி எடை கணிதத்தின் மீதே இருக்கிறது. கட்டடக்கலைக்கும் கணிதம் வேண்டும். இளங்கலை இயற்பியல் படிக்க விரும்புவோரிடமும் பெரும்பாலான கல்லூரிகள் மேல்நிலையில் கணிதம் படித்தீர்களா என்று கேட்கின்றன என்பது பலருக்குக் கல்லூரி வாசலில்தான் தெரியவருகிறது. கணக்குக்குப் பயந்து, தாவரவியலும் விலங்கியலும் உள்ள தூய அறிவியல் பிரிவுக்கு வருவோருக்கு நான் சொல்வது ஒன்றுண்டு: பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலின் இயக்கவியல் அலகிலேயே வெக்டர்களும், வகை நுண்கணிதமும், தொகை நுண்கணிதமும் எதிர்ப்படும். மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வின் 180 வினாக்களில் 45 இயற்பியலிலிருந்தே வருகின்றன. எனவே பயத்தை மட்டும் காரணமாக வைத்துக் கணிதத்தை விலக்குவது, அந்தப் பயத்தை இயற்பியல் வகுப்புக்குக் கொண்டு வருவதாகவே முடிகிறது. மாறாக, உயிரினங்களைப் பற்றிப் படிப்பதில் உண்மையான ஈடுபாடு இருந்து, தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனி 100 மதிப்பெண் தாள்களாக ஆழமாகப் படிக்க விரும்பினால், அந்தப் பிரிவு முழு மரியாதைக்குரிய தேர்வு.

உயிரியல் என்றவுடன் மருத்துவம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. நீட் தேர்வில் உயிரியலுக்கு 90 வினாக்கள் என்பதால் அந்த எண்ணம் இயல்பானதே. ஆனால், ஒத்தக்கடையை அடுத்து 1965 முதல் இயங்கிவரும் வேளாண்மைக் கல்லூரியைப் பேருந்தில் தினமும் கடந்து செல்லும் எத்தனையோ பேருக்கு, அங்கே பட்டப்படிப்பில் சேர நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை என்பது தெரியாது. கால்நடை மருத்துவப் படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கும் மேல்நிலை மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை போடுகிறார்கள். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் படித்தவர் பொறியியல், மருத்துவம், வேளாண்மை ஆகிய மூன்று பக்கமும் போகலாம். ஆனால் அதன் சுமையையும் மறைக்கக் கூடாது. அந்தப் பிரிவின் உயிரியல் தாளில் தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35 என எழுத்துத் தேர்வு அமைவதால், ஒரு பாடத்தின் பெயரில் இரண்டு நூல்களைப் படிக்க வேண்டும். அதே மாலையில் கணிதப் பயிற்சிக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

கணினி அறிவியல் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையைக் களையாமல் இந்தப் பேச்சை முடிக்க இயலாது. கணினிப் பொறியியல் படிக்க மேல்நிலையில் கணினி அறிவியல் எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்-ஆப் கணக்கிலும் அந்த மதிப்பெண் சேராது. என் மாணவி ஒருத்திக்கு உயிரியலில் அவ்வளவு ஆசை இருந்தும், பொறியியலுக்குக் கணினி அறிவியல் அவசியம் என்று உறவினர் ஒருவர் சொன்னதை நம்பிப் பிரிவு மாறினாள். இரண்டாம் ஆண்டில் அவள் அதைச் சொல்லி வருந்தியபோது என்னால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியும், பன்னிரண்டில் பைத்தானும் கற்கும்போது நிரலை எழுதி, பிழையைத் தேடி, மீண்டும் எழுதுவதில் யாருக்கு இன்பம் கிடைக்கிறதோ அவர்களுக்குரிய பாடம் அது.

விருப்பத்தைக் கண்டுபிடிப்பதற்கு நான் பரிந்துரைக்கும் முறை எளியது. விடுமுறையில் பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்களைக் கையில் எடுங்கள். பக்கத்து வீட்டு அண்ணனிடமோ அக்காவிடமோ பழைய நூல் கிடைக்கும். கைப்பேசியில் இலவசமாகத் தரவிறக்கவும் முடியும். வீட்டில் அமைதி இல்லையென்றால் மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் உட்காருங்கள். கணித நூலில் முக்கோணவியலை எடுத்துப் பத்துக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். உயிரியலில் ஓர் அத்தியாயத்தைப் படித்து, நூலை மூடிவிட்டுப் படத்தை வரைந்து பாகங்களைக் குறியுங்கள். இயற்பியலிலும் வேதியியலிலும் முதல் அலகைப் படியுங்கள். விடை சரியா தவறா என்பதைவிட, கணக்கு வராதபோது இன்னொரு முறை முயல மனம் வந்ததா என்பதைக் கவனியுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்த பிள்ளைக்குத் தன் விருப்பத்தைப் பற்றிப் பெற்றோரிடம் பேசத் தெளிவான காரணங்கள் கிடைத்துவிடும்.

அடுத்து, பள்ளியைப் பார்க்க வேண்டும். விரும்பும் பிரிவு அங்கே இருக்கிறதா, அந்தப் பாடத்துக்கு முதுகலை ஆசிரியர் பணியில் இருக்கிறாரா, ஆய்வகத்துக்கு மாணவர்களை வாரந்தோறும் அழைத்துச் செல்கிறார்களா என்று இப்போது அங்கே படிக்கும் மாணவர்களிடமே கேளுங்கள். அறிவியல் தாள்களில் எழுத்துத் தேர்வுக்கு 70 போக, மீதி 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் உரியவை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை அவசரமாக ஓட்டிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கும் பள்ளிகளைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் நீட், தேசிய அளவிலான பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து கணிசமான வினாக்கள் வருகின்றன.

அரசுப் பள்ளியில் படித்துவரும் பிள்ளையைப் பிரிவுக்காகத் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் பெற்றோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கடைசி இரண்டு ஆண்டுகளுக்குத் தனியார் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறினால் அந்த உரிமை போய்விடும். ஊர்ப் பள்ளியில் உயிரியல் பிரிவு இல்லையென்றால், பேருந்தில் போய்வரும் தொலைவில் அந்தப் பிரிவுள்ள இன்னோர் அரசு மேல்நிலைப் பள்ளியைத் தேடுவதே முதல் வேலையாக இருக்கட்டும்.

பயிற்று மொழியைப் பொறுத்தவரை, பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர் கௌரவத்துக்காக ஆங்கில வழிக்கு மாற வேண்டியதில்லை. நீட் தேர்வையும் ஜேஇஇ முதன்மைத் தேர்வையும் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலக் கலைச்சொற்களை மட்டும் ஒரு குறிப்பேட்டில் இணையாக எழுதிவந்தால் கல்லூரியில் உதவும்.

சேர்ந்த பிறகு தேர்வு தவறெனத் தோன்றினால் தயங்கிக் காலம் கடத்தாதீர்கள். முதல் சில வாரங்களுக்குள், மாற விரும்பும் பிரிவில் இடம் இருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுவிட்டு, பெற்றோர் கையொப்பத்துடன் தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரும் விண்ணப்பங்களைப் பள்ளிகள் ஏற்பது அரிது. ஏற்றாலும் விடுபட்ட பாடங்களைத் தனியாகப் படித்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.